வாய் திறக்க அஞ்சும் குழந்தைகள்

2004-ம் வருஷக் கடைசியில் டில்லி மாநகரில் நிகழ்ந்த ஒரு சம்பவத்தை நம் நேயர்களில் பலர் இன்று மறந்திருக்கக்கூடும். பெயர்பெற்ற ஒரு பள்ளிக்கூடத்து மாணவன், தன்னோடு படித்த மாணவி தன்னுடன் அந்தரங்கமாக இருந்ததைக் கைபேசியில் படம் பிடித்தான். அப்படம் ஒரு கைபேசியினின்று மற்றொன்றிற்குத் தாவியது. சில நாட்களுக்குள், இணையத்தில் ஏலக்கடை நடத்திவந்த ஒரு கம்பெனியின் பக்கத்தில் அது விலைக்கு வைக்கப்பட்டது. விலைக்கு வைத்தவனும் வேறோர் ஊரில் உயர்தரக் கல்வி பயின்ற ஒரு மாணவனே. போலீஸார் கம்பெனியின் தலைமை அதிகாரியைக் கைது செய்தனர். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரையிலும் சென்றது. இணையக் கம்பெனிகளின் பொறுப்பு எதுவரை என்பதை ஆராய்வோர் அவ்வழக்கை இன்றும் வாசிக்கின்றனர். அச்சிறுமியின் கதி என்னவாயிற்று என்பதைப் பற்றிச் சட்டப் புஸ்தகங்கள் பேசுவதில்லை.

அதற்குப் பின் இருபது வருஷங்களுக்கு மேல் கடந்துவிட்டன. அன்று படமெடுக்கும் கைபேசி பணக்கார வீட்டுப் பிள்ளையின் விளையாட்டுப் பொருள். இன்று அன்றாடம் கூலி வாங்குவோர் வீட்டிலும் அது உண்டு. 2020-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் கொரோனா நோயின் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடம் கேட்பதற்கென்று நாமே அதைக் குழந்தைகளின் கையில் கொடுத்தோம். கடன்பட்டும், நகையை அடகு வைத்தும் வாங்கிக் கொடுத்த பெற்றோர் உண்டு. நோய் தணிந்தது, பள்ளிகள் திறந்தன, கருவி மட்டும் கையிலேயே நின்றுவிட்டது. கொடுத்த நாம் அதன் தன்மையைக் குறித்துக் குழந்தையிடம் ஒரு வார்த்தையாவது பேசினோமா? சைக்கிள் வாங்கிக் கொடுக்கும் தகப்பன்கூடப் பின்னால் பிடித்துக்கொண்டு நாலு தெரு ஓடுகிறான்.

இக்காலத்து வாலிபர் அடியோடு கெட்டுவிட்டனர் என்று திண்ணைதோறும் அங்கலாய்ப்போர் பலர். அவர்கள் தம் தகப்பனார் தம்மைப் பற்றி இதே வார்த்தையைச் சொன்னதை மறந்தவர்கள். பதினைந்து வயதுக்குரிய ஆசையும் துடுக்கும் அவசரமும் அன்றும் இருந்தன. வகுப்பில் புஸ்தகத்தின் நடுவே கடிதத்தை வைத்து அனுப்பியவர்கள் இன்று கௌரவமுள்ள குடும்பஸ்தர்களாக விளங்குகின்றனர். அவர்களைக் காப்பாற்றியது அவர்களுடைய ஒழுக்கமன்று. கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்ற வசதியே. இன்றைய பிள்ளைக்கு அவ்வசதி இல்லை. அவன் அனுப்பும் படத்திற்கு எத்தனை பிரதி என்பது அவனுக்கே தெரியாது. பார்த்தவுடன் மறைந்துவிடும் என்று ஆசை காட்டி 2011-ல் தோன்றியது ஸ்னாப்சாட் என்னும் செயலி. மறைவதாகக் கூறிய படங்களைப் பெறுபவர் எளிதில் சேமித்துக்கொள்ளக் கூடுமென்றும், கம்பெனியின் விளம்பரம் ஜனங்களை ஏமாற்றியதென்றும் அமெரிக்க சர்க்காரின் பெடரல் டிரேட் கமிஷன் குற்றஞ்சாட்டி, 2014-ல் அக்கம்பெனியைச் சமரச உடன்பாட்டிற்குக் கொண்டு வந்தது. அச்செய்தி நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்களுடைய பெற்றோரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

படம் அழியாது என்பது ஆபத்தின் ஒரு பாதி. மறு பாதி குழந்தையின் பயத்தில் இருக்கிறது. 2022-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தில், பதினேழு வயது மாணவன் ஒருவனிடம் இன்ஸ்டாகிராமில் ஒரு பெண் நட்புப் பாராட்டினாள். அவள் பெண்ணே அல்லள். நைஜீரியா நாட்டின் லாகோஸ் நகரிலிருந்து, பிறர் கணக்கொன்றைத் திருடி நடித்த வாலிபர்கள். பையன் நம்பித் தன் படத்தை அனுப்பினான். உடனே ஆயிரம் டாலர் கொடு, இல்லையேல் உன் வீட்டாருக்கும் நண்பர்களுக்கும் அனுப்புவோம் என்று மிரட்டினர். அவன் முந்நூறு டாலர் அனுப்பினான். அது போதாதென்று மேலும் நெருக்கினர். பொழுது விடிவதற்குள் அச்சிறுவன் உயிர் துறந்தான். குற்றவாளிகளாகிய சகோதரர் இருவரும் அமெரிக்காவிற்குக் கொண்டு செல்லப்பட்டு, 2024 செப்டம்பரில் பதினேழரை வருஷச் சிறைத் தண்டனை பெற்றனர். அவர்கள் இவ்விதம் வருத்தியவர்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் என்று வழக்கில் கூறப்பட்டது.

இவ்வியாபாரத்தின் மூலதனம் என்ன என்பதை நேயர்கள் சற்று யோசிக்க வேண்டும். படம் மட்டும் மூலதனமாகாது. “என் தகப்பனாருக்குத் தெரிந்தால் என்ன ஆகும்” என்று குழந்தை நடுங்குகிறதே, அந்த நடுக்கமே மூலதனம். தகப்பனிடம் ஓடிச் சென்று சொல்லக்கூடிய பிள்ளையை எவனும் நெடுநாள் மிரட்ட முடியாது. மிரட்டுபவன் லாகோஸில் இருந்தாலென்ன, அடுத்த தெருவில் இருந்தாலென்ன, நம் வீட்டில் நாம் வளர்த்து வைத்திருக்கும் அச்சத்தையே அவன் கைமுதலாக வைத்துப் பிழைக்கிறான்.

நம் வீடுகளில் நடப்பதென்ன? பெண் குழந்தை ஒருத்தி, யாரோ ஒருவன் தொந்தரவு செய்கிறான் என்று வாய் திறந்தால், முதலில் பறிபோவது அவளுடைய கைபேசி. அடுத்துப் பறிபோவது அவளுடைய படிப்பு. அதற்கும் அடுத்தபடியாக மாப்பிள்ளை தேடத் தொடங்குகிறோம். குற்றம் செய்தவன் வெளியே நடமாட, குற்றத்தைச் சொன்னவள் வீட்டுச் சிறையில் அடைபடுகிறாள். இதைக் கண்ட அவளுடைய தங்கை என்ன பாடம் கற்பாள்? எது நேரினும் சொல்லக்கூடாது என்ற பாடத்தையே கற்பாள். ஆண் பிள்ளையின் கதியும் அதுவே. அவன் அகப்பட்டுக்கொண்டதாகச் சொன்னால் அடி விழும். அழுதால், ஆண்பிள்ளை அழலாமா என்ற ஏளனம் கிடைக்கும். மானத்தைக் காப்பதாக எண்ணி நாம் செய்யும் இக்காரியங்கள், மானத்தைப் பறிக்க வந்தவனுக்கே துணை செய்கின்றன.

“படத்தை அனுப்பியது குழந்தையின் பிழைதானே, அனுப்பாதிருந்தால் வம்பில்லையே” என்று சிலர் கேட்கலாம். அனுப்பாதே என்று புத்தி சொல்வது அவசியமே. ஆயின் அது மட்டும் இனிக் காப்பாகாது. 2023 செப்டம்பரில் ஸ்பெயின் தேசத்தில் அல்மென்ட்ராலெஹோ என்னும் சிற்றூரில், பள்ளிச் சிறுவர் சிலர், இருபதுக்கு மேற்பட்ட சிறுமிகளின் சாதாரணமான படங்களைச் செயற்கை அறிவுச் செயலி ஒன்றில் இட்டு, ஆடையற்ற பொய்ப் படங்களாக மாற்றிப் பரப்பினர். அச்சிறுமிகள் எவருக்கும் எதையும் அனுப்பியவர்களல்லர். பதினோரு வயதுக் குழந்தையும் அவர்களுள் இருந்தாள். அவ்வூரில் மருத்துவத் தொழில் புரியும் தாய் ஒருத்தி, தன் மகள் வந்து சொன்னவுடன், வெளியே தெரிந்தால் அவமானம் என்று மூடி மறைக்கவில்லை. தானே பகிரங்கமாகப் பேசி, மற்றப் பெண்களை அஞ்சாமல் சொல்லும்படி அழைத்தாள். ஒவ்வொருவராகத் தாய்மார் கூடினர். போலீஸில் புகார் செய்தனர். 2024-ம் வருஷத்தில் சிறார் நியாயஸ்தலம் பதினைந்து பையன்களைக் குற்றவாளிகளெனக் கண்டு, ஒரு வருஷ நன்னடத்தைக் கண்காணிப்பு விதித்தது. பெண்களைச் சமமாக மதிப்பதைக் குறித்தும், இக்கருவிகளைப் பொறுப்புடன் கையாளுவதைக் குறித்தும் அவர்கள் பாடம் கேட்க வேண்டுமென்றும் உத்தரவாயிற்று. மகள் வாய் திறந்தாள். தாய் அவள் பக்கம் நின்றாள். மற்றவையெல்லாம் அதன் பின் வந்தன. நம் ஊரில் இவ்விதம் நடந்தால், முதல் படியையாவது தாண்டுவோமா?

இனிப் பையன்களின் விஷயம். 2020 மே மாதத்தில், டில்லிப் பள்ளிச் சிறுவர் சிலர் இன்ஸ்டாகிராமில் நடத்திய ஒரு குழுவின் சம்பாஷணைகள் வெளியாயின. தமக்குத் தெரிந்த சிறுமிகளின் படங்களை அவர்கள் அனுமதியின்றிப் போட்டு, அங்கம் அங்கமாக வருணித்து இழிவாகப் பேசியிருந்தனர். போலீஸார் வழக்குப் பதிவு செய்தனர். அதே சமயத்தில் பலாத்காரத்தைப் பற்றிய வேறொரு சம்பாஷணையும் பரவிற்று. அதில் ஆணாக எழுதியது, தன் நண்பனின் குணத்தைச் சோதிக்க எண்ணிய ஒரு சிறுமியே என்றும், அதற்கும் அக்குழுவிற்கும் சம்பந்தமில்லை என்றும் போலீஸார் பின்னர் அறிவித்தனர். திரையில் கண்டதைக் கொண்டே தீர்ப்புச் சொல்லத் துடிப்போர் இதை மனத்தில் இருத்துவது நலம். ஆனால் அக்குழுவில் நடந்த பேச்சு நடந்ததே. உண்டு உடுக்கக் குறைவில்லாத, உயர்ந்த பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு இந்தப் பாஷையைக் கற்பித்தவர் யார்?

இக்கேள்விக்கு விடை தேடுவோர் தம் கைபேசியையே முதலில் திறந்து பார்ப்பாராக. பழைய மாணவர் சங்கம் என்றும், காலை நடை நண்பர்கள் என்றும் பெயர் வைத்த வாட்ஸப் குழுக்களில் நாற்பதும் ஐம்பதும் வயதான கனவான்கள் என்ன அனுப்பி மகிழ்கின்றனர் என்பது நமக்குத் தெரியாததன்று. பொது வாழ்வில் ஈடுபட்டவர்களாகிய நாமும் குற்றமற்றவர்களல்லோம். எதிர்க் கட்சியைச் சேர்ந்த பெண்மணி ஒருத்தி மேடையேறிப் பேசினால், அவளுடைய வாதத்திற்கு விடை சொல்லாமல், அவளுடைய படத்தைச் சிதைத்துப் பரப்புவதை அரசியல் சாமர்த்தியம் என்று கைதட்டுவோர் எல்லாக் கட்சிகளிலும் உள்ளனர். நம் பிள்ளைகள் அந்தக் கைதட்டலைக் கேட்டுக்கொண்டே வளர்கின்றனர். தலைவன் தடுக்காததையும், தகப்பன் சிரித்து ரசித்ததையும் பையன் தவறென்று கருதுவான் என எதிர்பார்ப்பது பேதைமை.

சட்டத்தின் நிலையையும் சிறிது ஆராய்வோம். 2012-ம் வருஷத்துப் போக்ஸோ சட்டத்தின்படி பதினெட்டு வயது நிரம்பாதவர் அனைவரும் குழந்தைகள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவு, குழந்தைகளைப் பாலியல் முறையில் காட்டும் படங்களை உண்டாக்குதல், அனுப்புதல், தேடுதல், சேகரித்தல் முதலியவற்றிற்கு முதல் குற்றத்திற்கே ஐந்து வருஷம் வரை சிறையும் பத்து லக்ஷம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. 2024 ஜனவரியில் சென்னை ஹைகோர்ட்டு, இத்தகைய படத்தைத் தனிமையில் பார்ப்பது மட்டும் குற்றமாகாது என்று கூறி ஓர் இளைஞர் மீதிருந்த வழக்கைத் தள்ளியது. இப்பழக்கத்தில் சிக்கிய இளந்தலைமுறையைத் தண்டிப்பதிலும், புத்தி சொல்லித் திருத்துவதே சமூகத்தின் கடமை என்றும் அத்தீர்ப்பு குறிப்பிட்டது. அதே வருஷம் செப்டம்பர் 23-ம் தேதி சுப்ரீம் கோர்ட்டு அத்தீர்ப்பை ரத்துச் செய்தது. வந்த படத்தை அழிக்காமலும், அதிகாரிகளுக்கு அறிவிக்காமலும் வைத்திருப்பதினின்றே பகிரும் எண்ணத்தை ஊகிக்க இடமுண்டு என்பது அதன் முடிவு. விசாரணை மீண்டும் நடக்க வேண்டுமென்றும் உத்தரவிட்டது.

சுப்ரீம் கோர்ட்டின் முடிவு சரியானதே என்பது நம் அபிப்பிராயம். ஒவ்வொரு படத்தின் பின்னும் உயிருள்ள ஒரு குழந்தை இருக்கிறது; பார்ப்பவன் ஒவ்வொருவனும் அக்குழந்தைக்கு மறுபடியும் தீங்கிழைக்கிறான். ஆயினும் ஹைகோர்ட்டு சொன்ன புத்திமதியும் வீணன்று. பாலியல் கல்வி அவசியம் என்பதைச் சுப்ரீம் கோர்ட்டே தன் தீர்ப்பில் வற்புறுத்தியிருக்கிறது. தண்டனையைப் பற்றிய பகுதியைப் பத்திரிகைகள் பெரிய எழுத்தில் அச்சிட்டன; கல்வியைப் பற்றிய பகுதி கவனிப்பாரற்றுக் கிடக்கிறது.

சட்டத்தில் ஒரு குறையும் உண்டு. பதினாறு வயதுச் சிறுமி, ஒருவனை நம்பித் தன் படத்தைத் தானே எடுத்து அனுப்பினாள் என்று வைத்துக்கொள்வோம். 67பி பிரிவின் எழுத்தைப் பார்த்தால் அவளுக்கென்று தனி விலக்கு எதுவும் இல்லை. உண்டாக்கியவளும் அவளே, அனுப்பியவளும் அவளே. அவள் சிறார் நீதி வாரியத்தின் முன்தான் நிற்பாள், சாதாரணக் கோர்ட்டில் நிற்கமாட்டாள் என்பது உண்மை. ஆனால் ஏமாற்றப்பட்ட குழந்தை, புகார் கொடுத்தால் தானே குற்றவாளியாவோமோ என்று ஐயுறும்படி சட்டம் இருக்கலாமா? மிரட்டுபவன் கையில் சட்டமே ஓர் ஆயுதமாகிவிடும். கனடா நாட்டின் சுப்ரீம் கோர்ட்டு 2001-ம் வருஷத்திலேயே, ஒருவர் தம்மைக் குறித்துத் தாமே உண்டாக்கித் தம்மிடமே வைத்திருப்பவை போன்ற சிலவற்றைக் குற்றத்தினின்று விலக்கியிருக்கிறது. நம் பார்லிமெண்டும் இதைப் பரிசீலித்து, தன் படத்தால் தானே துன்புற்றுப் புகார் செய்யும் குழந்தை எக்காரணத்தாலும் குற்றவாளியாகக் கருதப்படாது என்று ஐயத்திற்கிடமின்றி எழுதிவைத்தல் வேண்டும்.

கம்பெனிகளின் கடமையைக் குறித்து நீண்ட விவாதம் அவசியமில்லை. குழந்தைகளின் கவனத்தை விற்றுக் கோடி கோடியாகச் சம்பாதிப்பவர்கள், குழந்தைகளின் காவலையும் ஏற்கக் கடன்பட்டவர்கள். ஆஸ்திரேலியா தேசம் 2024 நவம்பரில் ஒரு சட்டம் இயற்றி, 2025 டிசம்பர் 10-ம் தேதி முதல் அதை அமலுக்குக் கொண்டு வந்தது. அதன்படி பதினாறு வயதுக்குட்பட்டவர் சமூக வலைத்தளங்களில் கணக்கு வைத்திருத்தல் ஆகாது. தவறினால் கம்பெனிக்கு 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். குழந்தைக்கோ பெற்றோருக்கோ தண்டனையில்லை. பொறுப்பை அதற்குரியவன் தலையில் வைத்த அளவில் அச்சட்டம் போற்றத்தக்கது. ஆயினும் வாட்ஸப் போன்ற செய்தி அனுப்பும் செயலிகள் அத்தடைக்குள் அடங்கவில்லை. டில்லியில் 2004-ல் அப்படம் பரவியபோது இன்ஸ்டாகிராமும் இல்லை, ஸ்னாப்சாட்டும் இல்லை. வாசலை எத்தனை அடைத்தாலும், வீட்டில் பேச்சில்லாவிடில் ஆபத்து ஜன்னல் வழியே வரும்.

ஆகவே நம் நேயர்களுக்குச் சில வார்த்தைகள். உங்கள் குழந்தைக்கு எதுவும் நேராதிருக்கும்பொழுதே, இன்றிரவே, அதை அருகில் இருத்திச் சொல்லுங்கள்: “என்ன தவறு செய்தாலும், எவன் மிரட்டினாலும், முதலில் என்னிடம் வா, நான் அடிக்கமாட்டேன், படிப்பை நிறுத்தமாட்டேன்.” சொன்ன பின் அவ்வார்த்தையைக் காப்பாற்றுங்கள். மிரட்டுபவனுக்குப் பணம் கொடுக்கலாகாது. கொடுத்தால் மேலும் கேட்பான். அவனுடைய செய்திகளை அழிக்காமல் சாட்சியமாக வைத்துக்கொள்ள வேண்டும். 1098 என்ற எண்ணில் குழந்தைகளுக்கான உதவியும், 1930 என்ற எண்ணில் இணையக் குற்றங்களுக்கான உதவியும் கிடைக்கும். மத்திய சர்க்காரின் இணையக் குற்றப் புகார்த் தளத்தில், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான குற்றங்களைப் பெயர் சொல்லாமலே தெரிவிக்கலாம். இத்தகைய படங்களைப் பற்றிப் புகார் வந்தால் 24 மணி நேரத்திற்குள் கம்பெனிகள் அகற்ற நடவடிக்கை எடுக்க வேண்டுமென்று 2021-ம் வருஷத்து விதிகளே எல்லை வகுத்தன. காணாமற்போன குழந்தைகளுக்காக அமெரிக்காவில் இயங்கும் தேசிய நிலையம் ‘டேக் இட் டௌன்’ என்ற இலவச ஏற்பாட்டை நடத்துகிறது. அங்கே படத்தையே அனுப்ப வேண்டியதில்லை. கைரேகை போல அப்படத்திற்குரிய ஓர் எண் அடையாளம் மட்டும் செல்லும். அதைக் கொண்டு, பங்கு கொண்ட கம்பெனிகள் தத்தம் தளங்களில் தேடி நீக்குகின்றன. வழிகள் இருக்கின்றன; ஆனால் முதலில் குழந்தை வாய் திறந்தாக வேண்டும்.

ஊர்தோறும் கூட்டம் கூட்டத் தெரிந்த தொண்டர்களுக்கு நாம் தனியே ஒரு வேண்டுகோள் விடுக்கிறோம். வருஷத்தில் எத்தனையோ விஷயங்களுக்கு மேடை போடுகிறீர்கள். இவ்விஷயத்திற்கும் ஒரு மேடை போடுங்கள். பள்ளிக்கூடத்துப் பெற்றோர் ஆசிரியர் கழகங்களில் இதைப் பேசுங்கள். தாய்மாரை மட்டும் அழைத்துப் புத்தி சொல்லாமல், தகப்பன்மாரை அழையுங்கள். உங்கள் கட்சியின் குழுவில் எந்தப் பெண்ணைப் பற்றியும் இழிவான ஒரு படம் வந்தால், எதிரியின் வீட்டுப் பெண்ணே ஆயினும், அனுப்பியவனை அன்றே வெளியேற்றுங்கள். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பையன்களுக்கு நூறு பிரசங்கங்களிலும் கிடைக்காத பாடம் அதிலே கிடைக்கும்.

டில்லிச் சிறுமிக்கு 2004-ல் துணை நின்றவர் எவரென்று நாம் அறியோம். இன்றிரவு நம் ஊரில் ஏதோ ஒரு வீட்டில், விளக்கணைத்த பின் போர்வைக்குள் கைபேசியைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருக்கும் குழந்தை ஒன்று இருக்கக்கூடும். அக்குழந்தை எழுந்து வந்து தட்டினால் நம் கதவு திறக்குமா என்பதை ஒவ்வொரு தகப்பனும் தன்னையே கேட்டுக்கொள்வானாக.